கட்டி சாப்பிடவில்லை

சோபா கிழிந்துபோனால் அந்தத் தெருவில் எல்லாரும் தேடி வருவது ஒரே ஒரு கடையைத்தான். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் கதவு கிடையாது. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன சோபாத் துணியில் தைத்த ஒரு திரை மட்டும் தொங்கும். புருஷன் மரச்சட்டம் பார்ப்பார், ஸ்பிரிங் கட்டுவார், ஸ்பாஞ்சு வெட்டி ஒட்டுவார். மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து உறை தைப்பாள். புருஷனுக்குத் தெரு வைத்த பேர் பஞ்சு. தொழிலை மட்டும் பார்த்து வைத்த பேர் என்று சொல்லிவிட முடியாது. யார் எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்தப் பக்கம் அமுங்கிக் கொடுக்கிற மனுஷன் அவர். மனைவிக்கு ஊசி என்று பேர். "போன மாசம் தைச்சுக் கொடுத்த உறை சுருங்கிடுச்சும்மா" என்று யாராவது வந்து நின்றால், "உறை சுருங்கலீங்க, உக்காருறவங்க பெருத்துட்டாங்க" என்பாள். வந்தவர் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவைத்துவிட்டுப் போவார்.

கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து பெற்ற ஒரே பெண். குறைமாதத்தில் பிறந்தது. துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது ஊசியின் அண்ணன், லாரி ஓட்டுகிறவர், கையை நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, சர்க்கரைக்கட்டி அளவுதான் இருக்கு" என்றார். கொஞ்ச நாளில் சர்க்கரை உதிர்ந்துபோய்க் கட்டி மட்டும் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு பேர் வைத்தார்கள்தான். அந்தப் பேரைச் சொல்லி டீச்சர் கூப்பிட்டபோது பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துப் பிள்ளையைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அதன் விலாவில் இடித்து, "உன்னைத்தான்" என்றாளாம்.

கட்டிக்குத் தூக்கம் தவிர மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாது. பழைய சோபாவைப் பிரிக்கிற நேரம் அவளுக்குத் திருவிழா. அப்பா அடித்துணியைக் கிழித்ததும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். உள்ளேயிருந்து ஹேர்பின் வரும், சட்டைப் பொத்தான் வரும், பொம்மையின் ஒற்றைக் கை வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. "இந்தப் பொத்தான் போட்டவர் தூங்கறப்ப உருண்டிருப்பார்ப்பா. அவங்க வீட்டம்மா திட்டியிருப்பாங்க. அவரு பொத்தான் இல்லாமலே ஆபீஸ் போயிருப்பாரு." ஊசி மெஷினை நிறுத்திவிட்டு, "ஏண்டி, ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இரேன், தையல் கோணுது" என்பாள். தையல் ஒருநாளும் கோணியதில்லை.

நோய் வந்ததை முதலில் யாருமே நோய் என்று நினைக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டாள். ஸ்டைல் பண்ணுகிறாள் என்று சிரித்தார்கள். காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தாள். பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்றாள் ஊசி. இல்லை, பசை வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று பஞ்சு பசை டப்பாக்களையெல்லாம் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்வைக் கோளாறு என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். ஒருநாள் சோபாவிலிருந்து இறங்கியவள் நேரே நிற்க முடியாமல் ஸ்பாஞ்சுக் குவியலில் சாய்ந்து, எழுந்திருக்கத் தெரியாமல் கிடந்தாள். அப்போதுதான் பயம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்து, தன் பிடரியைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

"இங்க, சிறுமூளைக்குப் பக்கத்துல, ஒரு கட்டி இருக்கு."

"கட்டியா? அவ வெளிய நர்ஸம்மாகிட்ட இருக்காளே" என்றார் பஞ்சு.

டாக்டரம்மா புரியாமல் பார்த்தார். ஊசிக்குப் புரிந்துவிட்டது. புருஷன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவருக்கும் புரிந்தது. பெரியவர்களுக்கு ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்துக்கொள்ள ஒரு கணம் போதும். பிரித்துக்கொண்டார்கள். அதோடு அதை மறந்தும் போனார்கள்.

கட்டி வழியை அடைத்ததால் மூளைக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. முதலில் சின்னதாக ஒரு துவாரம் போட்டுத் தண்ணீருக்கு வழிவிட்டார்கள். தலைவலியும் வாந்தியும் அடங்கின. பிள்ளை கொஞ்சம் தெளிந்தாள், கொஞ்சம் பேசினாள், கொஞ்சம் சாப்பிட்டாள். பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பு தேறட்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா பெற்றவர்களைத் தனியாக அழைத்தார். மேஜை மேல் கை துடைக்கிற காகிதம் ஒன்றைப் போட்டு, அதன் ஒரு ஓரத்தை மட்டும் தண்ணீர் தொட்டு ஒட்டினார்.

"பாருங்க. இந்தப் பக்கம் பிடிச்சு இழுத்தா சுலபமா வருது. ஈரமா ஒட்டியிருக்கற இந்தப் பக்கம் மேஜையோட சேந்துக்கிச்சு. மேஜைன்னு நான் சொல்றது மூளைத்தண்டு. பேசறதுக்கு, விழுங்கறதுக்கு, மூச்சு விடறதுக்கு நரம்பெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புது."

"ஒட்டினதையும் எடுக்க முடியாதா?" என்றாள் ஊசி.

"முடியும். அது ஒரு வழி. சுரண்டி முழுசா எடுத்துட்டா திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா பேச்சு போகலாம். விழுங்க முடியாம டியூப்ல சாப்பாடு ஏத்த வேண்டி வரலாம். சில பிள்ளைங்களுக்கு மெல்லத் திரும்பும். சில பேருக்குத் திரும்பாது."

"இன்னொரு வழி?"

"ஒட்டின இடத்துல நிறுத்திடறது. மெல்லிசா ஒரு படலம் உள்ளேயே இருக்கும். அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும். வருஷக்கணக்கா அது பாட்டுக்குத் தூங்கலாம். முழிச்சுக்கிட்டா மருந்து இருக்கு, கதிர் சிகிச்சை இருக்கு. இந்த வயசுல மூளைக்குக் கதிர் கொடுத்தா படிப்பும் வளர்ச்சியும் மந்தமாகும். அதனால அதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது."

"அது என்ன வகைங்க?"

"மெதுவா வளர்ற வகை மாதிரிதான் படத்துல தெரியுது. வெளிய எடுத்துப் பரிசோதிச்சாத்தான் உறுதியா சொல்லலாம். மெதுவான வகைன்னா ரெண்டு வழிக்கும் இடம் இருக்கு. யோசிச்சுட்டு வாங்க."

"உங்க பிள்ளையா இருந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

டாக்டரம்மா அந்த ஈரக் காகிதத்தைச் சுருட்டினார். "என் பிள்ளையா இருந்தா நான் கத்தியத் தொடவே மாட்டேன். வேற டாக்டருக்கு முன்னாடி உங்கள மாதிரி உக்காந்துக்கிட்டு இதே கேள்விய கேட்டுக்கிட்டிருப்பேன்."

வீட்டுக்கு வந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுத் தூறுகிற மழை. அந்த மழையில் குஷன் வேலை நகராது. உள்ளே அடைக்கிற நார் ஈரம் குடித்துக் கனக்கும், தடவிய பசை காயாமல் விரலோடு வரும், மரச்சட்டம் ஊறி ஆணியைப் பிடிக்காது. சரக்கு இறக்க முடியாமல் லாரியை ஓரங்கட்டிவிட்டு லாரிக்கார அண்ணனும் வந்து உட்கார்ந்துகொண்டார். திரைக்கு அந்தப் பக்கம், பிரிக்கிறதற்காக வந்த ஒரு பழைய நீளச் சோபாவில் பிள்ளை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தார்கள். ஊசி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்ததால் எல்லாரும் சத்தமாகவே பேசினார்கள்.

"கடல் தாண்டி ஒரு ஊர்ல புதுசா ஒரு கதிர் வந்திருக்காம்மா" என்றார் அண்ணன். "போற வழியில எதையும் தொடாதாம். நேராப் போய்க் கட்டிய மட்டும் பொசுக்குமாம். எங்க கிளீனரோட மச்சான் சொன்னான்."

"கிளீனரோட மச்சான் டாக்டரா?"

"எலக்ட்ரீசியன்."

"நல்லாருக்கு. போன தடவ வேர் அரைச்சுக் குடிக்கச் சொன்னே, இந்தத் தடவ கதிரு. டாக்டரம்மாகிட்ட கதிரப் பத்தியும் கேட்டுட்டேன்ணே. எந்தக் கதிரா இருந்தாலும் முதல்ல கத்திதானாம். கதிரெல்லாம் அப்புறமாம்."

பஞ்சு ஸ்பாஞ்சை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "ஒட்டிக்கிட்டிருக்கறது கொஞ்சம் மிச்சம் இருந்துட்டுப் போகட்டுமே. அதையும் எடுக்கறேன்னு போய் அவ பேச்சு போயிடுச்சுன்னா?"

மெஷின் நின்றது.

"மிச்சமா? எனக்குக் கட்டி வேணாங்க. துளிகூட மிச்சம் வேணாம். முழுசா எடுத்துத் தூக்கிப் போட்டுட்டாத்தான் எனக்கு உசுரே திரும்பும். அத வச்சுக்கிட்டு இந்த வீட்டுல நான் நிம்மதியா இருக்க முடியுமா? ஒவ்வொரு நாளும் வளந்துச்சா வளந்துச்சான்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்? கட்டி வளந்துச்சுன்னா நாம தொலைஞ்சோம்."

"மெதுவாத்தானே வளரும்கிறாங்க."

"மெதுவா வளந்தா மட்டும் கொஞ்சவா போறீங்க?"

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு மழையைப் பார்த்தார். ஊசி மறுபடி மெஷினை ஓட்டினாள். அழுகை வந்தால் மெஷினை வேகமாக ஓட்டுவது அவள் வழக்கம். அன்றைக்குத் தைத்த உறையைப் பிறகு பிரித்துத்தான் தைக்க வேண்டியிருந்தது.

அன்று மத்தியானம் பிள்ளை சாப்பிடவில்லை. ஊசி சோற்றைப் பிசைந்து முட்டையை வைத்து ஊட்டப் போனாள். வாயை இறுக மூடிக்கொண்டது. சரி, தானே சாப்பிடட்டும் என்று தட்டை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வருகிறபோது தட்டு பாதி காலியாக இருக்கும். அப்பாடா என்றிருக்கும். ஆனால் முகம் வாடிக்கொண்டே வந்தது. கன்னம் ஒட்டியது. பால் கொடுத்தால் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. அதைவிடக் கொடுமை, பேச்சு நின்றுபோனது. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா ஒரு நாற்காலியைப் பிரித்தார், உள்ளேயிருந்து ஒரு விசில் கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஊதவில்லை.

கடையில் சத்தத்துக்குக் குறைவில்லை. சுத்தியல் அடித்தது, மெஷின் ஓடியது, மழை பெய்தது. ஆனாலும் ஊசிக்கு வீடு காலியானதாகவே இருந்தது. மெஷினில் உட்கார்ந்தபடி காதைத் திரைக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேயிருந்தாள். ஒரு இருமலாவது வராதா என்றிருக்கும். வேண்டுமென்றே ஒருநாள், "இந்தப் பொத்தான் யாருதுன்னு தெரியலையே" என்று உரக்கச் சொல்லிப் பார்த்தாள். பதில் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்க முயன்றார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார்கள். கடைவாய் வழியாக வழியவிட்டது. பேர் சொல்லச் சொன்னார்கள். சொல்லவில்லை. டாக்டரம்மாவின் முகம் மாறியதை ஊசி பார்த்தாள்.

"விழுங்கறதும் பேச்சும் இவ்வளவு சீக்கிரம் போகுதுன்னா நான் நெனச்ச மெதுவான வகை இது இல்லையோன்னு சந்தேகமா இருக்கு. வேகமான வகைன்னா மிச்சம் வைக்கக் கூடாது. முழுசா எடுத்தே ஆகணும். நரம்பு ஏற்கெனவே போயிட்டிருந்தா, அதக் காப்பாத்தறதுக்காகத் தயங்கறதுலயும் அர்த்தமில்ல."

"எப்பம்மா?"

"ஸ்கேன் இன்னொரு தடவ பாத்துடறேன். நாளைக்கே வந்து சேந்துடுங்க."

ஊசி கேட்டது கிடைத்துவிட்டது. முழுசாக எடுக்கப் போகிறார்கள். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அது கிடைத்த மாதிரியே இல்லை. மடியில் கிடந்த பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அந்த நீளச் சோபாவின் சொந்தக்காரர் வந்து நின்றார். வீட்டில் விசேஷம், சோபாவுக்கு என்ன பதில் என்றார். பஞ்சு விஷயத்தைச் சொன்னதும், "பிள்ளையப் பாருங்க முதல்ல, நான் அப்படியே எடுத்துட்டுப் போயிடறேன்" என்று ஆள் கூப்பிடப் போனார். சட்டத்தையாவது ஆணி அடித்துக் கொடுத்துவிடலாம் என்று பஞ்சு பிள்ளையைத் தூக்கிப் பாயில் படுக்கவைத்துவிட்டு, சோபாவின் இருக்கையைக் கிளப்பினார். கிளப்பியவர் அப்படியே நின்றார்.

"இங்க வா" என்றார்.

முதுகுத் தலையணைக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள சந்தில் ரொட்டித் துண்டுகள் காய்ந்து கிடந்தன. முட்டையின் மஞ்சள் கரு உருண்டை உருண்டையாகக் கறுத்துப்போயிருந்தது. கையால் பிடித்துப் பிடித்து அடைத்த சோற்று உருண்டைகளில் எறும்பு ஓடியது. ஊசி ஒரு ரொட்டித் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பல் பட்ட அடையாளம் இல்லை. விழுங்க முடியாமல் துப்பியதில்லை இது. வாய்க்கே போகவில்லை.

முதலில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. பட்டினி கிடந்து தன்னையும் சாகடித்து எங்களையும் சாகடிக்கிறாளே என்று பாயருகே போய்க் கையை ஓங்கிவிட்டாள். பிள்ளை முகத்தை மூடிக்கொள்ளவில்லை. கண்ணை மட்டும் இறுக்கிக்கொண்டு காத்திருந்தது. ஓங்கிய கை தானாக இறங்கியது.

"ஏண்டி? பசிக்கலையா உனக்கு?"

பிள்ளை கண்ணைத் திறந்தது.

"பசிக்குதா இல்லையா? அதையாவது சொல்லு."

"பசிக்குது."

எவ்வளவு நாள் கழித்து வந்த குரல்! சன்னமாக, கரகரத்து வந்தது. பஞ்சு கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பசிச்சா ஏம்மா சாப்பிடல?"

"சாப்பிட்டா வளந்துடுவேன்."

"வளந்தா நல்லதுதானே?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். சொல்லலாமா கூடாதா என்று பார்க்கிற பார்வை. "கட்டி வளந்தா தொலைஞ்சோம்னு நீதானே மாமாகிட்ட சொன்னே."

ஊசிக்கு முதலில் விளங்கவில்லை.

"கட்டி வேணாம்னு சொன்னே. தூக்கிப் போடணும்னு சொன்னே. துளிகூட வேணாம்னு சொன்னே. அப்பாதான் கொஞ்சம் மிச்சம் இருந்துட்டுப் போகட்டும்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைச் சொன்னாள். "நான் வளராம இருக்கேன். பேசாமலும் இருக்கேன். வச்சுக்கறியா?"

ஊசி தன் வாயிலேயே படார் படாரென்று அடித்துக்கொண்டாள். பஞ்சு அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுதது திரையைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. சோபாவைத் தூக்க ஆள் கூட்டிவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். பெற்ற பிள்ளை தன்னை வேண்டாமென்று சொன்னார்கள் என்று நம்பிக்கொண்டு இத்தனை நாள் அதே வீட்டில் படுத்திருந்திருக்கிறது. தட்டைக் கொண்டுவந்து வைத்த கையையும் வேண்டாமென்று சொன்ன அந்த வாயையும் ஒன்றாகவே பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறது. இதை நினைக்க நினைக்க ஊசிக்கு நெஞ்சு ஆறவில்லை.

பஞ்சுதான் நிதானமாகச் சொன்னார். "உன் தலைக்குள்ள ஒரு வேண்டாத சதை வளந்திருக்கு. அதனாலதான் நீ விழுந்தே, வாந்தி எடுத்தே. அதுக்கும் கட்டின்னுதான் பேராம். எவன் வச்சானோ தெரியல. அம்மா அதத்தான் வேணாம்னா."

"என்னை இல்லையா?"

"உன்னை வேணாம்னு சொன்னா அம்மா வாய நான் சும்மா விட்டிருப்பேனா?"

பிள்ளை யோசித்தாள். "அப்ப அதுக்குப் பேர மாத்துங்க. எம் பேரு அதுக்கு வேணாம்."

"நீயே வை."

"ஒட்டிக்கிட்டிருக்குன்னு மாமாகிட்ட சொன்னியே. பசைன்னு வை." அப்புறம், "ரொட்டி இருக்கா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு முன்னால் அவள் பிஸ்கட் தின்றாள். ஒன்று முடித்து இன்னொன்று கேட்டாள். தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பேர் கேட்டபோது முதலில் கட்டி என்றும், பிறகு பள்ளிக்கூடத்துப் பேரையும் சொன்னாள். நடந்ததைப் பஞ்சு சொல்லச் சொல்ல டாக்டரம்மா அன்றைக்கு எடுத்த புது ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்ஸ் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போன பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"நல்லவேளை" என்றார். "விழுங்கற நரம்புக்கு ஒண்ணுமில்ல. புது ஸ்கேன்லயும் பெருசா மாற்றமில்ல. மறுபடி ரெண்டு வழியும் இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

"ஒட்டின இடத்துல நிறுத்திடுங்க" என்றாள் ஊசி.

பஞ்சு திரும்பிப் பார்த்தார். "முழுசா வேணும்னு நின்னியே."

"நின்னேன். பேச்சு போனா என்ன, ஆள் இருந்தாப் போதும்னுதான் நெனச்சேன். அந்த மாதிரி ஒரு வீட்டுல இப்ப இருந்து பாத்துட்டேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நாளைக்கு அது முழிச்சுக்கிச்சுன்னா நான்தான் காரணம். சொல்லிடறேன். யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்."

"முழிச்சுக்கிட்டா யாரும் காரணமில்லம்மா" என்றார் டாக்டரம்மா. "அப்ப என்ன செய்யணுமோ அத அப்ப செய்வோம்."

ஆபரேஷன் அன்றைக்கு மழை விட்டிருந்தது. காத்திருக்கிற இடத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றின் ரெக்ஸின் கிழிந்து ஸ்பாஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு உட்கார்ந்த நேரத்திலிருந்து அதை விரலால் உள்ளே திணித்துக்கொண்டேயிருந்தார். திணிக்கத் திணிக்க அது வெளியே வந்தது. லாரிக்கார அண்ணன் யாருடைய மச்சான் சொன்னதையும் சொல்லாமல் சுவரோரமாக நின்றார். ஊசிக்கு நிறுத்தச் சொன்னது சரியா தப்பா என்று மாறி மாறி வந்தது. இப்போதே ஓடிப்போய்க் கதவைத் தட்டி, முழுசாவே எடுத்துடுங்க என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு சமயம் எழுந்துவிட்டாள். அண்ணன், "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது தொப்பி அழுத்தின தடம் நெற்றியில் பதிந்திருந்தது.

"முக்கால்வாசிக்கு மேல வந்துடுச்சு. ஒட்டின இடத்துல நிறுத்திட்டேன். இன்னும் கொஞ்சம் வரும் போல ஆசை காட்டுச்சு. கைய எடுத்துட்டேன். பரிசோதனை முடிவு வர நாளாகும். மெதுவான வகைதான்னு இப்பவும் நெனைக்கறேன். உறுதியா சொல்ல மாட்டேன்."

கண் விழித்த பிள்ளை பேசவில்லை. முதல் நாள் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. தொட்ட இடத்தில் வீக்கம் இருக்கும், பொறுங்கள் என்றார்கள். மூக்கில் டியூப் போட்டார்கள். ஊசி கட்டிலருகே உட்கார்ந்து, கடையில் என்னென்ன நடந்தது என்று இல்லாததையும் பொல்லாததையும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்குப் பொத்தான் கிடைத்தது, ஒரு வீட்டம்மா திட்டினாள் என்று அவளே கதை கட்டினாள். கட்டி பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது, என்ன போய்விட்டது என்று அந்தக் கண்ணை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு காலையில் விழுங்கவைத்துப் பார்க்கலாம் என்று நர்ஸ் வந்தாள். கட்டிலைச் சாய்த்து நிமிர்த்தி, கெட்டியான கஞ்சியைக் கால் ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"தாடையக் கீழ வச்சுக்கோம்மா. அவசரமில்ல."

பிள்ளைக்குப் புரையேறியது. முகம் சிவந்து இருமினாள். பஞ்சு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் முதுகைத் தடவிக் காத்திருந்துவிட்டு மறுபடி ஒரு துளி வைத்தாள். தொண்டை அசைந்தது. ஏறி, இறங்கியது. வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே ஒன்றுமில்லை.

ஊசி கண்ணை மூடிக்கொண்டாள். அதனால் அந்தக் குரல் வந்தபோது யார் பேசினார்கள் என்று முதலில் தெரியவில்லை. நசுங்கிய, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல்.

"உப்பே இல்ல."

பஞ்சு சிரித்தார். சிரித்தபடியே அழுதார். நர்ஸ் ஸ்பூனை ஊசி கையில் கொடுத்துவிட்டு, "மெதுவா, கொஞ்சங்கொஞ்சமா கொடுங்க" என்று நகர்ந்தாள். ஊசி ஸ்பூனை எடுத்துக்கொண்டு போகும்போது பிள்ளை கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பசை போயிடுச்சா?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாய் திறந்தது. ஆனால் அந்தப் பிள்ளை தன் வாயிலிருந்து வந்ததையெல்லாம் அப்படியே நம்பிப் பட்டினி கிடந்தது ஊசிக்கு மனசில் வந்துவிட்டது.

"நெறைய போயிடுச்சு. கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"ஏன் விட்டாங்க?"

"அதையும் எடுத்தா உன் பேச்சும் கூடவே வந்துடும்னாங்க. நான்தான் விட்டுடச் சொன்னேன்."

"அது உள்ள இருந்துக்கிட்டு என்ன பண்ணும்?"

"தெரியலடி."

"டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் இப்ப தெரியாது. பாத்துக்கிட்டே இருக்கணும்னு சொல்லியிருக்காங்க."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். இவர்களிடம் இதற்கு மேல் கேட்டுப் பிரயோஜனமில்லை என்பதுபோல் பிடித்திருந்த கையை விட்டாள்.

"சரி, இன்னொரு வாய் குடு" என்றாள்.